காதுக்குப் பஞ்சு தந்த பெண்ணுக்கு

லண்டன், 2002 டிசம்பர் கடைசி

இந்த ஒன்றரை மாதமும் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று அயலில் எல்லோருக்கும் தெரியும். தீயணைப்புக்காரர் வேலைநிறுத்தம் இப்போது தள்ளிப்போயிருக்கிறது. மகன் தீயணைப்பு நிலையத்துக்கு வேலைக்குப் போகிறான், எனக்கும் மூச்சு விட முடிகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. முதல் 48 மணி நேர வேலைநிறுத்தம் மாலை 6 மணிக்கு முடிந்தது. அன்றிரவே லண்டன் அக்டன் நகர மண்டபத்தில் தீயணைப்புத் தொழிலாளர்களுக்காக பங்க் ரொக் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் பாடினார். "அம்மா, ஒருக்கா வாங்கோ" என்று மகன் கூட்டிக்கொண்டு போனான். பங்க் ரொக் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. முதல் பாட்டிலேயே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். மகன் அதற்குள் முன்வரிசைக்குப் போய்விட்டான்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தலையில் ஒரு பக்கம் வழித்திருந்தாள், தோல் சட்டை முழுக்க பட்ஜ். என்னைப் பார்த்தவள், பையிலிருந்து மஞ்சள் நுரைப்பஞ்சு இரண்டை எடுத்தாள். ஒவ்வொன்றையும் விரலால் மெல்லிதாக உருட்டித் தானே என் காதுக்குள் வைத்து, அது ஊதிப் பெருகும்வரை விரலை எடுக்காமல் பிடித்திருந்தாள். பிள்ளைக்குக் காதில் மருந்து விட்டுப் பிடிப்பதுபோல. அப்புறம் எங்கேயோ போய் ஒரு கதிரை தூக்கிவந்து சுவரோரம் போட்டாள்.

கடைசியில் கூட்டத்திலிருந்து ஒருவர் மேடையேறிக் கிற்றாரை எடுத்தார். மண்டபமே கத்தியது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்து அழுதாள், ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. ஒரு பஞ்சைத் தானே உருவி, காதுக்குள் மறுபடி சொன்னாள்: அவர் மிக் ஜோன்ஸ், ஜோவின் பழைய இசைக்குழுவான த க்ளாஷில் கூட இருந்தவர். 1983இல் பிரிந்த பிறகு இருவரும் ஒரே மேடையில் வாசிப்பது இன்றுதான். லண்டன் எரிகிறது என்கிற அந்தப் பழைய பாட்டைத் தீயணைப்புக்காரர் முன்னால் பாடி முடித்தார்கள். அது 1977இல் வந்த பாட்டாம். தீயணைப்புக்காரர் முதல் தடவை நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்ததும் அதே வருஷம்தான். அப்போதும் அவர்களுக்காக உண்டியலில் காசு போட்டேன் என்றாள். பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அப்புறம் வந்த எட்டு நாள் வேலைநிறுத்தத்தில் நிலைய வாசலில் நின்றவர்களுக்குக் குளிர்காய விறகு கொண்டுவந்தவர்கள், ஆதரவாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போன பஸ் சாரதிகள், சம்பளமில்லாத நாட்களுக்கு அரிசியும் பருப்பும் தந்த அயலவர்கள், கோயிலில் மகனின் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள், எல்லோருக்கும் என் நன்றி. இனி எப்போது வேலைநிறுத்தம் வந்தாலும் பெரிய போத்தல் நிறையத் தேத்தண்ணியோடு அந்த வாசலில் நானும் நிற்பேன். மகனுடைய நிலையம் என்றில்லை, எந்த நிலையமானாலும்.

டிசம்பர் 22 ஜோ ஸ்ட்ரம்மர் காலமானார். 50 வயதுதான். செய்தி கேட்டதும் அவளைத்தான் நினைத்தேன். அன்று அழுதவள் இன்று எப்படி இருக்கிறாளோ. அவளுக்குத் தமிழ் தெரியாது. இதை வாசிக்கிற யாருக்காவது அவளைத் தெரிந்திருந்தால் அந்தப் பஞ்சு இரண்டும் என் கோட் பையில் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லிவிடுங்கள்.