முஹேசாவில் குருதி எடுத்த குழாய்கள்

மலேரியாத் தடுப்பூசி ஆய்வுக்கு நிதி வழங்கும் அரசுகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வன்னியில் மலேரியா இருந்த காலத்தில் நுணுக்குக்காட்டியின் முன்னால் அமர்ந்து குருதிப்பூச்சுப் பார்த்தவன் நான். ஓய்வுபெற்று நெடுநாளாகிவிட்டது. ஆனாலும் ஒரு காலைப்பொழுது மறக்கவில்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் தன் தங்கையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அவளுக்கு நடுக்கத்தில் பற்கள் கிடுகிடுத்தன. அவளுடைய விரலில் குத்திய பிறகு, வீட்டில் உள்ளவர்களையும் பார்க்க வேண்டும் என்ற வழக்கத்தின்படி அவனுடைய விரலிலும் குத்தினேன். கீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தால் இரண்டு கண்ணாடித் துண்டுகளிலும் ஒட்டுண்ணி. ஒரே வீடு, ஒரே நுளம்பு, ஒரே நோய். அவள் சுருண்டு கிடந்தாள். அவன் நாலு மைல் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறான். அவன் உடல் கற்றுக்கொண்டது எது, அவள் உடல் இன்னும் கற்காதது எது என்று அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

இந்தக் கேள்வி எங்கள் தீவுக்குப் புதிதன்று. 1934-35 கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். காய்ச்சலோடு பழகிப்போன உலர்வலயக் கிராமங்களைவிட, மலேரியாவை அதிகம் அறியாத கேகாலைப் பக்கத்து மக்களையே அது வாரிக்கொண்டு போனது. பழகிய உடலுக்கு ஒரு காப்பு இருக்கிறது. அந்தக் காப்பு கிடைக்குமுன் ஒரு குழந்தை எத்தனை முறை சாவின் வாசலுக்குப் போய்வர வேண்டும் என்பதுதான் கொடுமை. 2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மிகப் பெரும்பாலோர் ஆபிரிக்கர்கள். அங்கு இறந்தவர்களில் நான்கில் மூவர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள்.

அந்தக் காப்பு குருதியில்தான் இருக்கிறது என்பதை 1961இலேயே கம்பியாவில் காட்டிவிட்டார்கள். கோஹன், மக்கிரெகர் குழுவினர், மலேரியாவோடு வளர்ந்து பெரியவர்களானோரின் குருதியிலிருந்து, நோயை எதிர்க்க உடல் தானே செய்துகொள்ளும் புரதங்களான பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுத்து, நோயுற்ற குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். குழந்தைகளின் குருதியில் ஒட்டுண்ணிகள் மளமளவென்று குறைந்தன. அப்படியானால் அதையே ஊசியாக்கிவிடலாமே என்றுதான் எவருக்கும் தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இந்த ஒட்டுண்ணிக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. தொற்றிய செங்குழியத்தின் மேல் அது மாட்டிக்கொள்ளும் முகமூடிகளுக்கு மட்டும் ஏறத்தாழ அறுபது மரபணுக்கள். ஒன்றை உடல் அடையாளம் கண்டால் அடுத்ததை மாட்டிக்கொள்ளும். காப்புப் பெற்றவரின் குருதியில் நூற்றுக்கணக்கான பிறபொருளெதிரிகள் இருக்கும். அவற்றில் எது காவல்காரன், எது பழைய சண்டையின் வெறும் தழும்பு?

இதை அறிய எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் உண்டு. நோய் வருமுன்பே குழந்தைகளின் குருதியைக் குழாயில் எடுத்துப் பெயரெழுதி வைக்க வேண்டும். பிறகு ஆண்டுக்கணக்கில் அவர்களோடு இருந்து, யார் விழுந்தார், யார் விழவில்லை என்று எண்ண வேண்டும்.

தன்சானியாவின் வடகிழக்கிலுள்ள முஹேசாவில் அப்படி எண்ணினார்கள். 2002 முதல் அங்கு பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். அந்தக் குருதியை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஜொனதன் குர்டிஸின் குழு 2014இல் தன் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ 6 சதவீதக் குழந்தைகளிடம் ஒரு குறிப்பிட்ட பிறபொருளெதிரி இருந்தது. அது குருதியில் இருந்த காலத்தில் அவர்களில் ஒருவருக்கும் கடும் மலேரியா வரவில்லை. ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே பாயும் அல்லவா? இந்தப் பிறபொருளெதிரி அந்தப் பாய்ச்சலைத் தடுத்து, ஒட்டுண்ணிகளை உள்ளேயே அடைத்துவிடுகிறது. அதே குழு 2020இல் இன்னொரு புரதத்தைக் கண்டது. அதைப் பிறபொருளெதிரி பற்றிக்கொண்டால் ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள்ளேயே செத்துப்போகிறது. இவை இரண்டும் இன்னும் ஊசியாகவில்லை. ஆனால் வழியைக் காட்டியவர்கள் பேசவும் கற்றிராத முஹேசாக் குழந்தைகள்.

இரண்டு தடுப்பூசிகள் வந்துவிட்டனவே என்று நீங்கள் கேட்பீர்கள். வந்துவிட்டன, அதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆர்டிஎஸ்,எஸ் 2021இலும், ஒக்ஸ்போர்டும் புனேயின் சீரம் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஆர்21 2023இலும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்றன. கானா, கென்யா, மலாவி ஆகிய நாடுகளில் முன்னோடியாகப் போட்டுப் பார்த்தபோது, ஊசிக்குரிய வயதுக் குழந்தைகளின் ஒட்டுமொத்த இறப்பே 13 சதவீதம் குறைந்தது. இதைச் சிறிதென்று சொல்லும் எவரோடும் நான் வாதாடுவேன். ஆனால் இவ்விரண்டும் காவல் நிற்பது வேறொரு வாசலில். நுளம்பு கடித்தவுடன் ஈரலை நோக்கி ஓடும் ஒட்டுண்ணியைத்தான் அவை மறிக்கின்றன. அந்தக் காவலைத் தப்பி ஒன்றிரண்டு ஈரலை அடைந்தாலும் போதும், சில நாட்களில் குருதிக்குள் ஆயிரக்கணக்கில் இறங்கும். அங்கே அவற்றை எதிர்கொள்ள இந்த ஊசிகள் எதையும் கற்றுத்தரவில்லை. என் முன்னால் நின்ற அந்தச் சைக்கிள் பையனின் உடல் பெரும்பாலும் கற்றிருந்தது இந்த இரண்டாவது பாடத்தைத்தான்.

கென்யாவின் கிலிஃபியில் நடந்ததை நீங்கள் மறந்துவிடக் கூடாது. ஆர்டிஎஸ்,எஸ் மூன்று தடவை போடப்பட்ட குழந்தைகளை அங்கு ஏழு ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் 36 சதவீத அளவில் இருந்த காப்பு, நான்காம் ஆண்டில் 2.5 சதவீதமாகிவிட்டது. ஐந்தாம் ஆண்டில், நுளம்புக்கடி அதிகமான இடங்களில், ஊசி பெற்றவர்களுக்கே மலேரியா கூடுதலாக வந்தது. ஊசி காத்த ஆண்டுகளில் அவர்களுடைய உடல் இயற்கையாகக் கற்க வேண்டியதைக் கற்காமல் போயிருக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஊசி வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மூன்றுக்குப் பிறகு போட வேண்டிய நான்காம் ஊசி விடுபடக் கூடாது என்பதை இது சொல்கிறது. குருதிக்குள்ளும் காவல் நிற்கும் அடுத்த ஊசி வேண்டும் என்பதையும் சொல்கிறது. முதலாம் ஆண்டோடு கணக்கை மூடியிருந்தால் இதில் எதுவும் நமக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த ஊசி கைக்கெட்டாத கனவும் அன்று. மாலியின் பண்டியாகராவில் பரிசோதித்த ஒன்று, தான் உருவாக்கப்பட்ட அதே வகை ஒட்டுண்ணியை மட்டுமே நன்றாகத் தடுத்தது. மற்ற வகைகள் நழுவிவிட்டன. அந்தத் தோல்வி மாறாத புரதத்தைத் தேடச் சொன்னது. செங்குழியத்துக்குள் நுழைய ஒட்டுண்ணிக்கு இன்றியமையாத ஆர்எச்5 அப்படிப்பட்ட ஒன்று. அதைக் கொண்டு புர்கினா பாசோவின் நனோரோவில் குழந்தைகளிடம் நடந்த பரிசோதனை, ஆறு மாத காலத்தில் 55 சதவீதக் காப்பு என்று 2024இல் அறிவித்தது.

இந்த நேரத்தில்தான் பணம் வற்றுகிறது. 2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி முகவரகத்தைக் கலைத்தபோது, அதன் மலேரியாத் தடுப்பூசி ஆய்வுத் திட்டமும் நின்றுபோனது. பாதியில் நிறுத்துவதன் விலையை நாங்கள் கொடுத்திருக்கிறோம். 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா. நோய் போய்விட்டது என்று நுளம்புக்கு மருந்து தெளிப்பதை நிறுத்தினோம், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் அந்த எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. உள்ளூர்த் தொற்றே இல்லாத நாடென்ற சான்று எங்களுக்குக் கிடைக்க 2016 வரை ஆனது.

எனவே உங்களிடம் கேட்கிறேன். குழந்தைகளைப் பின்தொடரும் ஆய்வுகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுத் துண்டுகளாகப் பணம் தருவதை விடுங்கள். ஒரு குழந்தை பள்ளிக்குப் போகும் வயதுவரையாவது நிதியை உறுதிசெய்யுங்கள். அங்கு கிராமம் கிராமமாகப் போய் விரலில் குத்துகிறவர்களுக்கும் பூச்சுப் பார்க்கிறவர்களுக்கும் நிரந்தரச் சம்பளம் கொடுங்கள். கண்டுபிடிப்பின் அடியில் கிடப்பது அவர்கள் எண்ணிய எண்தான். குருதி கொடுத்த கிராமங்களுக்கு முடிவை அவர்களுடைய மொழியில் போய்ச் சொல்லுங்கள். அந்தக் குருதியிலிருந்து ஓர் ஊசி பிறந்தால் அது முதலில் போக வேண்டிய ஊர்களின் பட்டியலில் முஹேசா இருக்கட்டும்.

2002இல் அங்கு பிறந்தவர்கள் இன்று வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். அந்தப் பெண்களில் சிலர் தாயாகியிருப்பார்கள். அவர்களில் ஒருத்தி தன் குழந்தையை இடுப்பில் ஏந்திக்கொண்டு மறுபடியும் அந்த ஆய்வு நிலையத்தின் வாசலுக்கு வந்தால், குழாயை வாங்கிப் பெயரெழுதி வைக்க அங்கு ஒருவர் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குருதிப்பூச்சுப் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவன்
வவுனியா