பறவைக்குத் தண்ணீர் வைப்பவர்கள் சட்டியைத் தினமும் தேய்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் 'பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள்' என்ற வேண்டுகோள் பத்திரிகைகளிலும் கைப்பேசியிலும் வந்துவிடுகிறது. நல்ல வேண்டுகோள்தான். ஆனால் எவ்வளவு ஆழம், எந்த இடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது என்பதெல்லாம் அதில் இருப்பதில்லை. அதனால் பல தோட்டங்களில் ஆழமான வாளியும், பாசி பிடித்த சட்டியும், கொசுப்புழு நெளியும் தண்ணீருமே பறவைகளுக்கு வாய்க்கின்றன. பல பறவைகள் அலகு வைக்கும் பொதுப் பாத்திரம் அழுக்காகக் கிடப்பதைவிட அது இல்லாமலே இருப்பது மேல். ஆகவே பாத்திரம் தேர்வதிலிருந்து இடம் பார்ப்பது வரை எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்து முடிவுசெய்யுங்கள் என்பேன்: இதைத் தினமும் காலையில் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ என்னால் முடியுமா?

பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூட்டைத் தணிக்க அது அலகைத் திறந்து மூச்சிரைக்கிறது. வெப்பம் ஏற ஏற அந்த வழியாகப் போகும் நீரும் கூடுகிறது. உடல் சிறுத்தால் எடைக்கு ஏற்ற மேற்பரப்பு அதிகம். எனவே பெரிய பறவையைவிடச் சின்னக் குருவிதான் சீக்கிரம் வறண்டுபோகும். புழு பூச்சியும் பழமும் தின்னும் பறவைக்கு உணவிலேயே ஓரளவு நீர் கிடைத்துவிடுகிறது. காய்ந்த தானியத்தை நம்பியிருக்கும் சிட்டுக்குருவியும் புறாவும் அப்படியில்லை. தானியம் போடுகிறவர்கள் பக்கத்திலேயே தண்ணீருக்கும் வழிசெய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

குளிப்பது தனித் தேவை. தூசியும் செதிலும் போய் இறகு நனைந்து இளகிய பிறகுதான், வாலடியில் உள்ள சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்துப் பூசி இறகைக் கோதி ஒழுங்குபடுத்த முடியும். குடிக்க மட்டும் என்றால் சின்னக் கிண்ணமே போதும். குளிக்கவும் வேண்டும் என்பதால்தான் அகலத்தையும் ஆழத்தையும் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

அகலம் 30 முதல் 45 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. நீரின் ஆழம் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டரில் தொடங்கி, சரிவாக இறங்கி, நடுவில் 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆள்காட்டி விரலை நடுவில் ஊன்றிப் பாருங்கள். நுனியிலிருந்து இரண்டாவது கணுவுக்கு மேல் நனைந்தால் ஆழம் அதிகம். குளிக்க வரும் குருவி நேராகத் தண்ணீரில் குதிப்பதில்லை. விளிம்பில் உட்காரும், நாலு பக்கமும் பார்க்கும், ஒரு காலை வைத்துப் பார்க்கும், அடி தட்டுப்பட்டால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். வயிறு நனையும் இடம் வந்ததும் தலையை முக்கி முதுகில் தண்ணீரை வாரிப் போட்டுக்கொண்டு சிறகடிக்கும். அடி தட்டுப்படவில்லை என்றாலும், கால் வழுக்கினாலும் அதோடு திரும்பிவிடும். 'தண்ணீர் வைத்தும் குருவி குளிக்கவே இல்லை' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஆழத்தையும் வழுக்கலையும்தான். பெரும்பாலான பறவைகள் ஒரு மிடறு அள்ளித் தலையை அண்ணாந்து விழுங்கும். புறா போன்ற சில மட்டுமே அலகை முக்கியபடியே உறிஞ்சிக் குடிக்கும். அதற்கு 2 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். சரிவான பாத்திரம் ஒன்றே இரு வகைக்கும் பொருந்திவிடும்.

கையில் இருக்கும் பாத்திரம் செங்குத்தான விளிம்போடு ஆழமாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். நடுவில் தட்டையான கல் ஒன்றை வைத்து, அதன் மேற்பரப்பு நீர்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வருமாறு தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பிலிருந்து எட்டும்படி இன்னொரு கல்லைச் சாய்த்து வையுங்கள். கைநிறையக் கூழாங்கற்களைப் பரப்புவது பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு இடுக்கிலும் எச்சமும் பாசியும் தங்கும், தினமும் அத்தனையையும் எடுத்துத் தேய்க்க யாராலும் ஆகாது. இரண்டு மூன்று பெரிய கல் போதும்.

எந்தப் பொருளால் ஆன பாத்திரம் என்பதைப் பொறுத்தும் சிக்கல்கள் மாறும். சுட்ட மண் தட்டு கால் வழுக்காது, நீர் கசிந்து ஆவியாவதால் தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அதன் நுண்துளைகளில் பாசி வேர்பிடிக்கும், தண்ணீரும் சீக்கிரம் குறையும். மெருகு பூசிய பீங்கான் கழுவ எளிது, நிற்க வழுக்கும். கல் போட்டால்தான் பயன்படும். பிளாஸ்டிக் இலேசானது, காகம் விளிம்பில் உட்கார்ந்தாலே கவிழலாம். நாள்பட்ட கீறல்களில் அழுக்கு படியும். உலோகத் தட்டு வெயிலில் காய்ந்து நீரைச் சுடவைத்துவிடும், நிழலில் மட்டுமே வைக்கலாம். புதிதாக வார்த்த சிமெண்ட் தொட்டியில் சுண்ணக் காரம் நீரில் இறங்கும். பல நாள் தண்ணீர் நிரப்பி, அதைக் கொட்டி மாற்றிய பிறகே பறவைக்கு விட வேண்டும். என் தேர்வு பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற அகலமான மண் தட்டு. ஒரே அளவில் இரண்டு வைத்துக்கொண்டால் ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது மற்றொன்று வெயிலில் காயும்.

இடத்தைப் பொறுத்தவரை முதல் ஆபத்து பூனை. நனைந்த இறகோடு பறவை சட்டென்று மேலெழும்ப முடியாது. அதனால் பாத்திரத்தைச் சுற்றி 2 முதல் 3 மீட்டர் வரை தாழ்ந்த புதரோ அடர்ந்த செடியோ இல்லாமல் வெட்டவெளியாக இருக்க வேண்டும். அந்தத் தூரத்துக்கு அப்பால் மரக்கிளையோ உயர்ந்த செடியோ இருக்க வேண்டும். பதுங்கி வரும் பூனை கண்ணில் படவும் வேண்டும், பறந்து போய் உட்கார்ந்து இறகு உலர்த்த இடமும் வேண்டும். ஒரு மீட்டர் உயரமுள்ள வழவழப்பான தூணில் வைத்தால் பாதுகாப்பு இன்னும் கூடும். ஆனால் கிளைக்கு நேர் கீழே வைக்காதீர்கள், மேலே உட்காரும் பறவைகளின் எச்சம் முழுவதும் தண்ணீரில்தான் விழும். தானியத் தட்டுக்கு அடியில் வைத்தாலும் உமியும் எச்சமும் சேர்ந்து ஒரே நாளில் கூழாகிவிடும். சில மீட்டர் தள்ளி வையுங்கள். பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதற்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், இல்லையேல் பத்து மீட்டர் தள்ளி வையுங்கள். இடைப்பட்ட தூரத்தில் மிரண்டு பறக்கும் பறவை முழு வேகத்தில் கண்ணாடியில் மோதும். நண்பகலுக்குப் பிறகு நிழல் விழும் இடமாக இருந்தால் நீரும் சூடாகாது, பாசியும் மெல்ல வளரும்.

தண்ணீர் எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதை அநேகர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 40 சென்டிமீட்டர் அகலத் தட்டில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் போயிற்று என்று கணக்கு. வறண்ட காற்றும் கடும் வெயிலும் உள்ள நாளில் ஆவியாவதோடு நாலு மைனாக்கள் குளித்துச் சிதறடிப்பதும் சேர்ந்தால் பகல் ஒரு மணிக்குள் ஓரம் காய்ந்துவிடும். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை என்று இரு தடவை நிரப்புவதே சரி.

இப்போது கழுவும் வேலை. தினமும் பழைய நீரைச் செடிக்குக் கொட்டிவிட்டு, கெட்டியான பிரஷ்ஷால் அடிப்பகுதியையும் உட்சுவரையும் விளிம்பையும் தேய்த்து, அலசி, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு நிமிட வேலை. குறைந்த நீரின் மேல் புதுநீரை ஊற்றி நிரப்புவது கழுவுவதாகாது. நேற்றைய எச்சம் அப்படியே கிடக்கும். பிரஷ் இதற்கென்றே தனியாக இருக்கட்டும், சமையலறைப் பக்கம் போக வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பறவை எச்சத்தில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். ஆனால் பாத்திரத்துக்குச் சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம். சரியாக அலசப்படாமல் மிஞ்சும் சோப்பு இறகின் எண்ணெயைக் கரைத்துவிடும்.

வாரம் ஒருமுறை கிருமிநீக்கம். மணமோ சோப்போ சேராத சாதாரண ப்ளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து, தேய்த்துக் கழுவிய பாத்திரத்தில் 10 நிமிடம் ஊறவிட்டு, பலமுறை அலசி, வாடை முழுவதும் போகும்வரை வெயிலில் காயவிட வேண்டும். தேய்க்காமல் நேராக ப்ளீச்சை ஊற்றினால் அழுக்கே அதன் வீரியத்தை உறிஞ்சிவிடும். பூச்சில்லாத மண் தட்டு ப்ளீச்சை உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதால் அதற்கு வெந்நீரும் முழுநாள் வெயிலுமே ஏற்றவை. முதலில் மிதமான சூட்டில் ஊற்றிப் பிறகு கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடாது. வெள்ளைக் கறை படிந்தால் 9 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வினிகர் கலந்து தேய்க்கலாம். ஒருபோதும் வினிகரையும் ப்ளீச்சையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கொசுவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வெப்பமான பருவத்தில் முட்டையிலிருந்து கொசு ஆக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே தினமும் தண்ணீரைக் கொட்டினால் புழு தங்காது. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில். கறுத்த சிறு புள்ளிகளாக ஒட்டியிருக்கும் அவை நீரில்லாமல் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரியும். கொட்டி ஊற்றுவது மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகவே. மண்ணெண்ணெயோ பூச்சிக்கொல்லியோ விடுவது பறவைக்கே நஞ்சு.

தண்ணீரில் வேறு எதையும் சேர்க்க வேண்டாம். குளுக்கோஸ், சர்க்கரை, உப்பு, மருந்து எதுவும் கூடாது. இனிப்பு நீரில் பூஞ்சையும் நுண்ணுயிரும் விரைவில் பெருகும். நிலப்பறவைகளின் சிறுநீரகத்துக்கு மிகுந்த உப்பை வெளியேற்றும் திறன் குறைவு. மனிதர் குடிக்கத் தகுந்த குழாய் நீரே போதும், அதிலிருக்கும் குளோரின் அளவு பறவையைப் பாதிக்காது.

சொட்டும் நீரின் ஓசையும் அசைவும் பறவைகளை வெகு தூரத்திலிருந்து இழுக்கும். ஐந்து லிட்டர் கேன் ஒன்றைத் தட்டுக்கு மேலே தொங்கவிட்டு, மீன்தொட்டிக்குப் பயன்படும் மெல்லிய குழாயையும் சின்னத் திருகு வால்வையும் பொருத்தி, விநாடிக்கு ஒரு சொட்டாகத் திருகிவைத்தால், 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்ற கணக்கில் மணிக்கு 180 மில்லிலிட்டர், பகல் 12 மணி நேரத்துக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் செலவாகும். மூடியை இறுக்கினால் உள்ளே வெற்றிடம் உண்டாகிச் சொட்டு நின்றுபோகும். மூடியில் ஓர் ஊசித்துளை போடுங்கள். நீர்மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும், நடுவில் ஒருமுறை திருகைச் சரிசெய்ய வேண்டும். தட்டில் குளிக்க வராத தேன்சிட்டு போன்ற மிகச் சிறிய பறவைகளுக்கு இலைகளின் மேல் தண்ணீரைத் தெளித்தாலே போதும், நனைந்த இலையில் உரசிக் குளித்துக்கொள்ளும்.

காகங்கள் வரும் தோட்டமென்றால் அவற்றுக்குப் பெரிய தட்டு ஒன்றைத் தனியே ஒதுக்குங்கள். கிடைத்ததையெல்லாம், காய்ந்த ரொட்டியோ எலும்போ எதுவானாலும், கொண்டுவந்து தண்ணீரில் ஊறவைத்துத் தின்பது அவற்றின் பழக்கம். மிச்சம் அழுகி வாடையடிக்கும். அந்தத் தட்டை இருவேளையும் கழுவ வேண்டியிருக்கும். சிறு குருவிகளும் அங்கே அண்டாது.

ஆழமான வாளி, திறந்த டிரம், சிமெண்ட் தொட்டி ஆகியவற்றைக் கோடையில் மூடிவையுங்கள். தாகத்தில் எட்டிக் குனியும் பறவை உள்ளே விழுந்தால், வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் மூழ்கி இறக்கும். மூட முடியாத தொட்டியில் சொரசொரப்பான பலகையொன்றை நீரிலிருந்து விளிம்பு வரை சாய்வாகக் கட்டிவிடுங்கள். நீர் குறைந்தாலும் பலகையின் கீழ்முனை நீருக்குள் இருக்க வேண்டும்.

புறாவோ குருவியோ இறகைச் சிலிர்த்துக்கொண்டு, அலகோரம் ஈரமாக, விழுங்க முடியாமல், ஆள் கிட்டப் போனாலும் பறக்காமல் உட்கார்ந்திருந்தால் தொண்டையைத் தாக்கும் டிரைக்கோமோனாஸ் நோயாக இருக்கலாம். ஒட்டுண்ணியால் வரும் இது எச்சில் கலந்த நீர் வழியே பிற பறவைகளுக்கும் பரவும். பிரிட்டனில் 2005க்குப் பிறகு கிரீன்ஃபிஞ்ச் (greenfinch) என்னும் பச்சைநிறச் சிறு குருவிகள் பெருமளவில் குறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். அப்படி ஒன்றைக் கண்டால் இரக்கப்பட்டு அதிகத் தண்ணீர் வைக்காதீர்கள். பாத்திரத்தையும் தானியத் தட்டையும் அன்றே எடுத்து, கிருமிநீக்கம் செய்து, நன்றாகக் காயவிட்டு, இரண்டு வாரமாவது வெளியே வைக்காமல் இருங்கள். அந்த ஒட்டுண்ணி உலர்ந்த பரப்பில் பிழைக்காது. கூட்டமாக வந்த பறவைகளும் கலைந்து வேறிடம் பார்த்துக்கொள்ளும்.

ஊருக்குப் போகும்போதும் இதே முறைதான். அக்கம்பக்கத்தார் யாராவது தினமும் கழுவி ஊற்ற ஒப்புக்கொண்டால் பிரஷ்ஷையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் விளிம்புவரை நிரப்பிவிட்டுப் போகாமல், தேய்த்துக் கழுவிக் காயவைத்து, மழைநீர் தேங்காதபடி கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பறவைகள் மேல் அக்கறையுள்ள வாசகர்