‘லேட்டஸ்ட்’ என்று ஒரு வம்பு

அன்புள்ள முரளி,

ஐந்து மாதமாக உன் மெயில் பதில் போடாமல் கிடக்கிறது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம், அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியேதான். குண்டு ராஜாவுக்கு இரண்டாவதும் பெண். ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ராத்திரி, வீட்டு சர்வரில் எங்கள் படங்களை வைத்திருக்கும் நெக்ஸ்ட்கிளவுடை அப்டேட் செய்தேன். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. ஆமாம், மறுபடியும் வம்புதான்.

ஒன்றரை வருஷமாகத் தொடாமல் வெர்ஷன் 28லேயே ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கர் கம்போஸில், புதுசை இறக்க ‘புல்’ அடித்தேன், அப்புறம் பழைய பெட்டியைக் கலைக்க ‘டவுன்’, அப்புறம் புதுசைக் கிளப்ப ‘அப்’. இமேஜ், அதாவது இறக்க வேண்டிய மென்பொருள் பொட்டலத்தின் பெயருக்குப் பின்னால், வெர்ஷன் நம்பருக்குப் பதில் ‘லேட்டஸ்ட்’ என்று போட்டு வைத்த புண்ணியத்தில் நேரே 31 வந்து இறங்கிவிட்டது. பிரவுசரைத் திறந்தால் எங்கள் படங்களைக் காணோம். அட்மின் கணக்கு உருவாக்கு, பெயர் கொடு, பாஸ்வேர்ட் கொடு என்கிறது. ஏழு வருஷமாகக் குடியிருக்கும் என்னைப் பார்த்து, “புதுசா குடி வந்திருக்கீங்களா?” என்ற மாதிரி.

விரல் பாஸ்வேர்ட் கட்டம் வரை போய்விட்டது. நல்லவேளை, நிரப்பவில்லை. நிரப்பியிருந்தால் பழைய டேட்டாபேஸில் கைவைத்திருக்கும். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்தப் பக்கம் ஊருக்கே திறந்து கிடக்கிறது, முதலில் வந்து பெயர் போடுகிறவன்தான் அட்மின்! ஓடிப்போய் ரவுட்டரில், வெளியிலிருந்து உள்ளே வரும் வழியான போர்ட்டை மூடினேன்.

படங்கள் இருந்த டிஸ்க் பத்திரம். டேட்டாபேஸான மரியாடிபியும் பத்திரம். தொலைந்தது நெக்ஸ்ட்கிளவுடின் சொந்த ஃபோல்டர், அதற்குள் செட்டிங்ஸ் ஃபைலான கான்ஃபிக்.பிஹெச்பி. டேட்டாபேஸ் விவரம், டொமைன், இந்த நிறுவலின் அடையாளமான இன்ஸ்டன்ஸ் ஐடி, ரகசியச் சாவியான சீக்ரெட் எல்லாம் அதில்தான். கம்போஸ் ஃபைலைப் பார்த்தால், படங்கள் இருக்கும் டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் வால்யூம், அதாவது பெட்டியைக் கலைத்தாலும் அழியாத இடம், போட்டிருக்கிறேன். யாரையும் குறை சொல்ல வழியில்லை, என் கைவேலை. 28லிருந்து 31க்குத் தாவினால் ஸ்டார்ட் ஆகாமலே நின்றிருக்க வேண்டும், ஒவ்வொரு மேஜர் வெர்ஷனாகத்தான் ஏற விடும். ஆனால் பழைய வெர்ஷன் நம்பரும் அந்தத் தொலைந்த ஃபோல்டரில்தானே இருந்தது? எதை வைத்துத் தடுக்கும்?

உன் வழக்கமான வைத்தியம் ஞாபகம் வந்தது: “இடத்தை அடைக்குதா, வால்யூம் புரூன் அடிச்சு விடு.” யாரும் பயன்படுத்தாத வால்யூம்களை அழித்துவிடும் கட்டளை. அடித்திருந்தால் இந்தக் கடிதத்தில் வசவு மட்டும்தான் இருந்திருக்கும். நாம் வால்யூம் சொல்லாத இடத்துக்கு இந்த இமேஜ் தானே ஒன்றை உண்டாக்கி, 64 எழுத்தில் வாயில் நுழையாத பெயரும் வைத்துக்கொள்கிறது. ‘டவுன்’ அடித்தாலும் அது அழியாமல் அனாதையாகக் கிடக்கும். ராத்திரி ஒரு மணிக்கு, இருக்கிற வால்யூம்களைப் பட்டியல் போட ‘வால்யூம் எல்எஸ்’ அடித்தேன். பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்த்தேன். ஏழாவதில் கான்ஃபிக் ஃபோல்டர். கயலை எழுப்பிச் சொல்லலாமா என்று நினைத்து, உயிருக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

முதலில் டேட்டாபேஸை டம்ப், அதாவது முழு நகல், எடுத்தேன். பிறகு அந்த வால்யூமை மாட்டி 29, 30, 31 என்று படிப்படியாக ஏற்றினேன். 3.40க்கு கயலின் போன் ஒன்றுமே நடக்காத மாதிரி படங்களை ஏற்றத் தொடங்கியது. சீக்ரெட் பழையதே என்பதால் மறுபடி லாகின்கூடக் கேட்கவில்லை.

காலையில் பெருமையாகச் சொன்னேன். காபி டம்ளரை வைத்துவிட்டு, “நீங்க இல்லாத நேரத்துல இப்படி ஆனா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?” என்றாள். அவள் சொன்னது ஆபீஸ் டூரை மட்டும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். நம் வீட்டுப் படம் நம் வீட்டில் இருக்கட்டும் என்றுதான் இதற்கு வந்தேன். வந்து, சாவியை என் மண்டைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் லாக்கருக்கு நாம் அலைந்த அலைச்சல் உனக்குத் தெரியும்.

அதனால் உனக்கு ஒரு வேலை. கம்போஸ் ஃபைல், கான்ஃபிக், டம்ப் மூன்றையும் என்கிரிப்ட் செய்து வாராவாரம் உன் சர்வருக்கு அனுப்புகிறேன், இடம் ஒதுக்கு. பாஸ்வேர்ட் கயலின் மளிகை நோட்டில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது அரை நாள் அவளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக் காட்டு. நான் காட்டினால் சண்டையில் முடியும்.

புரூன் பற்றி மட்டும் அவளிடம் வாய் திறக்காதே.

அன்புடன்,
செந்தில்