அந்தச் சுவரைத் திறந்து பார், அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. காங்கேயத்தில் மழை இன்னும் வரவில்லை, காற்று மட்டும் ஓயாமல் அடிக்கிறது, அதனால் களத்தில் பருப்பு நன்றாகக் காய்கிறது. போனில் சொல்ல வேண்டியதை எதற்கு இத்தனை நீளமாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ "சரிப்பா, நாங்க பார்த்துக்கறோம்பா" என்று முடித்துவிடுகிறாய், அதற்கு மேல் எனக்கும் பேச வாய் வருவதில்லை. அதனால்தான் எழுத்து.

விஷயம் அந்தப் படுக்கையறைச் சுவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது பின்னால் ஹாலில் மெத்தை கிடந்தது. நான் பார்த்தது உனக்குத் தெரியும், உடனே போனைச் சமையலறைப் பக்கம் திருப்பினாய். கேட்டதற்கு, ஏசி தண்ணீர் மேலேயிருந்து கொஞ்சம் ஒழுகியது, காய்ந்துவிட்டது, பெயின்ட்டும் அடித்தாகிவிட்டது என்றாய். காய்ந்துவிட்டது என்று யார் சொன்னது? சுவரைத் தொட்டுப் பார்த்துச் சொன்னதா, திறந்து பார்த்துச் சொன்னதா? நன்றாகக் காய்ந்த அறையென்றால் மெத்தை எதற்கு ஹாலில்?

நீ களத்தில் வளர்ந்த பிள்ளை. உனக்கு நான் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தேங்காய்ப் பருப்பு மேலே பார்த்தால் வெள்ளையாக, மொறுமொறுவென்று இருக்கும். ஒடித்துப் பார்த்தால் சத்தம் வராமல் வளையும், ஈரம் உள்ளேதான் இருக்கும். அதை அப்படியே மூட்டை கட்டினால் சாக்கைப் பிரிக்கும்போது பூசணம் பச்சையும் கறுப்புமாக நிற்கும். கொள்முதலில் ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்றால் சும்மாவா? வெயில் இல்லாததால் பூசணம் வந்தது என்று எந்தக் களத்துக்காரனும் சொல்ல மாட்டான், ஈரத்தை உள்ளே வைத்து மூடியதால் வந்தது என்றுதான் சொல்வான். உன் சுவரும் அப்படித்தான், வெளியே எத்தனை வெயில் அடித்தாலும்.

நீங்கள் எல்லாரும் அங்கே ஒன்றையே சொல்கிறீர்கள், "இது பாலைவனம்பா, இங்கே எதுவும் ஈரமா நிக்காது" என்று. அமெரிக்காவில், உங்கள் ஃபீனிக்ஸ் பக்கம் வருஷத்துக்கே ஏழு எட்டு அங்குலம்தான் மழை, நம்மூரில் மழை இல்லை என்று அழுகிற எங்களுக்கே அதைப் போல மூன்று மடங்கு பெய்கிறது, எல்லாம் சரி. ஆனால் பூசணத்துக்கு மழை எதற்கு? ஓர் இடத்தில் தண்ணீர் நின்றால் போதும். உங்கள் ஊரில் அந்தத் தண்ணீரை வீட்டுக்காரனே உள்ளே கொண்டுவருகிறான். 2023-ல் 31 நாள் தொடர்ந்து 43 டிகிரிக்கு மேல் போனதே, அப்படிப்பட்ட வெயிலில் ஏசி ராப்பகலாக ஓடும். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் உங்களுக்கும் மழைக்காலம் என்று ஒன்று இருக்கிறது, அப்போது காற்றில் ஈரம் கூடும், அந்த ஈரத்தையும் ஏசிதான் பிழிந்து தண்ணீராக விடும். பரணில் அந்தத் தண்ணீர் போகிற குழாயில் தூசியும் பாசியும் அடைத்தால் தட்டு நிரம்பி, கூரைப் பலகை வழியாகச் சுவருக்குள் இறங்கும். சுவர் மேல் ஓடினால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இறங்கினால் யாருக்குத் தெரியும்?

வாய்க்கால் மேட்டு அத்தை வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளாதே. அங்கே வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் கிணறு ஊறும், சுவரும் அடியில் ஊறும், உப்புப் பூத்துக் காரை உதிரும், அவ்வளவுதான். தண்ணீர் நிறுத்தினதும் தானாகக் காயும், தை மாதம் சுண்ணாம்பு அடித்தால் சரி. அது செங்கல். உன் வீட்டுச் சுவர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகையை அறைந்து கட்டினது, ட்ரைவால் என்கிறீர்களே, அதற்கு இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டியிருக்கிறது. அந்தக் காகிதம்தான் பூசணத்துக்குச் சாப்பாடு. நடுவில் பஞ்சு அடைத்திருக்கிறார்கள், நனைந்தால் லேசில் காயாது. வெளிப்பக்கம் பெயின்ட் அடித்து மூடினாய் என்றால் காய்கிற வழியையும் அடைத்தாய் என்று அர்த்தம். கறை தெரியாமல் அடிக்கிற பெயின்ட் கறையை மறைக்கும், வேறு ஒன்றும் செய்யாது.

கோயமுத்தூரில் கட்டட வேலை பார்க்கிறானே உன் மாமா பையன், அவனை உட்கார வைத்து உங்கள் நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை போட்டிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் வராது என்று போட்டிருக்கிறது. உனக்கு அந்தக் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது, இல்லையா? நீ சொல்லவில்லை என்றாலும் ஆடி நோன்பு அன்றைக்குப் பேசும்போதே மெத்தை ஹாலில்தான் இருந்தது என்று அம்மா சொல்கிறாள். அப்புறம், பூசணம் பிடித்த இடம் பத்து சதுர அடிக்குள், கிட்டத்தட்ட மூணடிக்கு மூணடி அளவுக்குள் இருந்தால் நாமே சுத்தம் செய்துகொள்ளலாமாம், அதற்கு மேல் என்றால் விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிட வேண்டும். பிளீச் ஊற்றுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஊறிப்போன பலகையையும் நனைந்த பஞ்சையும் கழுவிக் காப்பாற்ற முடியாது, வெட்டி எடுத்துப் பையில் கட்டிப் போட வேண்டியதுதான். வெட்டும்போது N-95 முகக்கவசம் போட வேண்டும், பாப்பா அந்தப் பக்கம் வரக் கூடாது, அந்த அறை ஏசிக் காற்று வீட்டுக்குள் சுற்றாமல் அடைக்க வேண்டும். பூசணம் இருக்கிற இடத்தில் மின்விசிறியை வைத்து ஊதாதே, வீடு முழுக்கப் பரப்பிவிடும். கறுப்பா பச்சையா என்று பார்த்துக்கொண்டு இருக்காதே, பரிசோதனைக்கு அனுப்புகிறேன் என்று காசையும் போடாதே. கண்ணுக்குத் தெரிந்தால் எந்த நிறமாக இருந்தாலும் எடுக்க வேண்டியதுதான்.

எடுப்பதற்கு முன்னால் தண்ணீர் வருகிற வழியை நிறுத்து. அதை நிறுத்தாமல் சுவரை மாற்றினால் அடுத்த வருஷம் மறுபடியும் இதே கதை. பரணில் குழாயைத் திறந்து ஊதி விடச் சொல், தட்டு நிரம்பினால் ஏசி தானாக நிற்கிற சுவிட்ச் ஒன்று உண்டு, அது இல்லை என்றால் போடச் சொல். ஏசிதான் காரணம் என்று அடித்துச் சொல்லாதே. ஒருநாள் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வாசலில் தண்ணீர் மீட்டரைப் பார், சின்ன முள் சுற்றிக்கொண்டிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு அதிகம், குழாயையும் சுடுதண்ணீர் டேங்க்கையும் அரிக்கும் என்கிறார்கள். வெறும் காலில் நடக்கும்போது தரை ஓர் இடத்தில் மட்டும் சூடாக இருந்தால் அடியில் போகிற சுடுதண்ணீர்க் குழாய் உடைந்திருக்கலாம். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய் சுவரில் அடிக்கிறதா என்றும் பார்.

இதையெல்லாம் நீ படித்திருப்பாய். நம் தெருவிலேயே முதலில் இன்ஜினியரிங் படித்தவள் நீ, உனக்கு நான் தண்ணீர் மீட்டர் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு வாங்கி அங்கேயே பால் காய்ச்சினபோது இங்கே டிவியில் போட்டு ஊரையே கூட்டி வைத்துப் பார்த்தோம், பெரியப்பா அழுதுவிட்டார். அத்தனை பேரைக் கூட்டிக் காட்டின வீட்டில் இப்போது ஓர் அறையைக் காட்ட மாட்டேன் என்கிறாய். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. பெருந்துறை அத்தைக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அவள் வேறு ஏதேதோ சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? போன மாசமும் இருமினாள், இந்த மாசமும் இருமினாள். "அப்புச்சி, அம்மாயி" என்று கூப்பிடுவதற்குள் இரண்டு தடவை இருமுகிறாள். ஈரமும் பூசணமும் இருக்கிற வீட்டில் குழந்தைக்கு மூச்சிரைப்பு கூடும், அது தெரிந்த விஷயம். ஆனால் சுவரை மாற்றினால் சரியாகிவிடும் என்று அதோடு நிற்காதே. உங்கள் ஊர் மண்ணிலேயே இருக்கிற பூசணம் வேறு, அதனால் வருவதை வேலி ஃபீவர் என்கிறார்கள், புழுதியோடு மூச்சில் போகிறது, அமெரிக்காவில் அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும்தான் அதிகம். இருமல், காய்ச்சல், அசதி என்று வாரக்கணக்கில் இழுக்கும். சாதாரணச் சளி என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், அது இதற்குக் கேட்காது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். ஒருவருக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டாது. அதனால் டாக்டரிடம் போகும்போது இரண்டையும் வாய்விட்டுச் சொல்: வீட்டில் சுவர் நனைந்தது, குழந்தைக்கு இத்தனை நாளாக இருமல், வேலி ஃபீவருக்கு ஒரு பரிசோதனை எடுங்கள் என்று. போய்விட்டு வந்து எனக்குச் சொல். சொல்லாமல் இருக்காதே. அம்மா ராத்திரி தூங்குவதில்லை.

மாப்பிள்ளை பேசிக் கொஞ்ச நாளாகிறது. வேலை அதிகமாக இருக்கும், நான் ஒன்றும் நினைக்கவில்லை. வேலை என்று இருந்தால் ஏற்றமும் இறக்கமும் இருக்கத்தான் செய்யும், பருப்பு யாவாரத்தில் நான் பார்க்காத இறக்கமா? அதற்காக யாரும் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை, குறிப்பாக என்னிடம். சரி, அதை விடு.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுவரை வெட்டி எடுத்து, காயவைத்து, புதுப்பலகை போட நிறையக் கேட்பார்கள் என்று தெரியும். அதனால்தான் பெயின்ட்டோடு நிறுத்தினீர்களோ என்று எனக்கு ஒரு யோசனை. முதலில் இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் சொல். திடீரென்று உடைந்து ஒழுகினதற்குப் பொதுவாகக் கொடுப்பார்கள், மாசக்கணக்கில் கசிந்ததைப் பார்க்காமல் விட்டீர்கள் என்றால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள், பூசணத்துக்கென்று தனியாக ஒரு வரம்பும் வைத்திருப்பார்கள். தள்ளிப்போட்டால் நஷ்டம் உனக்குத்தான். எதையும் எடுப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்து வைத்துக்கொள், ரசீது எல்லாம் பத்திரம். அவர்கள் கொடுக்கவில்லை என்றால் பரவாயில்லை. தாராபுரம் பூமிப் பணம் அப்படியே பேங்க்கில் கிடக்கிறது, யாருக்கென்று வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். தம்பிக்கும் தெரியும், அவனே முதலில் சொன்னான். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்காதே, வீட்டுக்கு அப்பா செய்கிற சீர் என்று சொல். அவருக்கு மனசு சங்கடப்பட்டால் கடன் என்று சொல், நான் எழுதிக்கூட வாங்கிக்கொள்கிறேன்.

இல்லை, வேலை முடியும் வரைக்கும் நீயும் பாப்பாவும் இங்கே வந்து இருங்கள். மாப்பிள்ளையும் வரட்டும், வர முடிந்தால். மேல் அறையைக் கூட்டி வைத்திருக்கிறோம். ஊர் என்ன கேட்கும் என்று யோசித்தால் லீவுக்கு வந்திருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

மறுபடியும் சொல்கிறேன், பெயின்ட்டை நம்பாதே. கீழே ஓரமாக ஒரு சாண் அளவு வெட்டிப் பார்த்தாலே உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஈரம் அளக்கிற சின்னக் கருவி கடையில் கிடைக்கும், அதைப் பலகையில் வைத்துப் பார். வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 30-லிருந்து 50-க்குள் இருந்தால் நல்லது, அதற்கும் ஒரு மீட்டர் வாங்கி அறையில் வை. பழைய பாலைவன வீடுகளில் தண்ணீர் ஊற்றுகிற கூலர் வைப்பார்களே, ஏசி செலவைக் குறைக்க அதை வாங்கலாம் என்று நீ ஒருமுறை சொன்னாய், இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம், அது வீட்டுக்குள் ஈரத்தைத்தான் கூட்டும்.

செப்டம்பர் முடியும் வரைக்கும் உங்களுக்கு மழைக்காலம்தான், கூரையையும் ஒருமுறை பார்க்கச் சொல். மழையே வராது என்று விட்டுவிடாதே, 2014 செப்டம்பர் 8 அன்று ஃபீனிக்ஸில் ஒரே நாளில் 3.3 அங்குலம் கொட்டியிருக்கிறது, வருஷ மழையில் கிட்டத்தட்டப் பாதி.

உங்களுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேரம். அங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் இங்கே காலை ஏழரை, நான் களத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில்தான் இருப்பேன். புதன்கிழமை அந்த நேரத்துக்குக் கூப்பிடு. சுவரின் படம் நான்கு பக்கமும் எடுத்து அதற்கு முன்னாலேயே அனுப்பு, பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் எடுத்தது இருந்தால் அதையும். பாப்பா டாக்டரைப் பார்க்கிற தேதியை எழுது. மாப்பிள்ளையை ஒரு நிமிஷம் பேசச் சொல், சுவரைப் பற்றி மட்டும்தான் கேட்பேன்.

அப்பா