அப்பாவுக்கு, குளோரின் விஷயமாக

எட்மன்டன், கனடா,
ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன வாரம் போனில், "பனிக்கு நடுவுல வெந்நீர்த் தொட்டியாமே, அந்தத் தண்ணியில என்னம்மா போடுறே?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை இது.

வீடு வாங்கியபோது பின்பக்கத் தோட்டத்தில் ஹாட் டப்பும் சேர்ந்தே வந்தது. 1400 லிட்டர், நாலு பேர் உட்காரலாம். வெளியே மைனஸ் 25, தண்ணீர் 39 டிகிரி. தலை நனைந்தால் முடி குச்சி குச்சியாக உறைந்து நிற்கும். சுகம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர் டேங்க் மாதிரி தினமும் புதுத் தண்ணீர் ஏறுவதில்லை. மூன்று மாதத்துக்கு அதே தண்ணீர்தான். அந்தச் சூட்டில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும், கிருமிக்குக் கொண்டாட்டம். முதல் மாதமே உங்கள் மாப்பிள்ளைக்கு முதுகெல்லாம் சிவப்புத் தடிப்பு. சூடோமோனாஸ் என்ற கிருமி செய்கிற வேலை. 'ஹாட் டப் ராஷ்' என்றே இதற்குப் பெயர்.

டேங்க் ஆபரேட்டர் மகள் சும்மா இருப்பாளா? கடைக்கு ஓடி குளோரின் பொடி வாங்கிவந்து ஒரு கரண்டி போட்டேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. ஃபில்டரை உருவினால் பலாப்பிசின் மாதிரி கையெல்லாம் ஒட்டுகிறது. வீட்டை விற்றவர் பைகுவானைடு என்ற மருந்தை ஊற்றி வந்திருக்கிறார். அதுவும் கிருமிநாசினிதான், ஆனால் அதற்கும் குளோரினுக்கும் ஆகவே ஆகாது. ஷெட்டில் இருந்த பாட்டிலை முதலில் படித்திருக்க வேண்டும், என் தப்பு. குளிர் கொஞ்சம் குறைந்த நாளாகப் பார்த்து, குழாய்கள் உறைவதற்குள் அவசர அவசரமாகத் தண்ணீரை இறக்கி, கழுவி, மறுபடி நிரப்பினோம். கிட்டத்தட்ட 90 குடம் தண்ணீர் அப்பா. அம்மாவிடம் இதை மட்டும் சொல்லாதீர்கள்.

இனி எதைப் போடுவது என்பதில் வீட்டில் ஒரு பட்டிமன்றம். மாப்பிள்ளை புரோமின் கட்சி, அதுவும் குளோரின் மாதிரி ஒரு கிருமிநாசினிதான். சூட்டுக்கு அது தாங்கும், வியர்வையோடு சேர்ந்த பிறகும் கிருமியைக் கொல்லும், மூக்கை அரிக்காது. எல்லாம் உண்மைதான். ஆனால் புரோமினுக்காகப் போடுகிற புரோமைடு உப்பு ஒருமுறை தண்ணீரில் இறங்கிவிட்டால், அப்புறம் குளோரினே ஊற்றினாலும் அது புரோமினாகத்தான் மாறும். மனசு மாறினால் மறுபடி 90 குடம். எனக்குக் குளோரின்தான் கைவந்தது என்று சொல்லி ஜெயித்துவிட்டேன்.

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான் வாங்கியது டைகுளோர் பொடி. அதில் 10 பங்கு குளோரின் போட்டால் கூடவே 9 பங்கு சயனூரிக் அமிலமும் தண்ணீரில் சேரும். குளோரின் தீர்ந்துபோகும், அமிலம் அப்படியே கிடக்கும். கொஞ்சம் இருந்தால் குளோரினின் கடுமையைத் தணிக்கும். ஏறிக்கொண்டே போனால் குளோரின் இருந்தும் சோம்பேறியாகிவிடும். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி., ஹாட் டப்பில் இந்த அமிலமே வேண்டாம் என்கிறது. ஆனாலும் நான் அந்த அமிலம் லிட்டருக்கு 30 மில்லிகிராம் சேரும்வரை முதல் சில நாள் டைகுளோர் போட்டுவிட்டு, பிறகு வாசனை சேர்க்காத சாதா பிளீச்சுக்கு மாறிவிட்டேன். 6 சதவீத பிளீச் 70 மில்லி ஊற்றினால் இந்தத் தொட்டியில் குளோரின் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஏறும். கடைசிக் குழாயில் 0.2 வந்தால் உங்களுக்குத் திருப்தி; இங்கே 3-க்குக் கீழே இறங்கவே கூடாது.

குளோரின் அளவு பார்க்கிற உங்கள் குளோரோஸ்கோப்பில் மஞ்சள் வருமே, இங்கே இளஞ்சிவப்பு. 10 மில்லி தண்ணீரில் சோதனைப் பொடியைப் போட்டதும் ரோஸ்மில்க் நிறம். பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆறாவது சொட்டில் நிறம் சட்டென்று மறைந்தால் 3 இருக்கிறது என்று கணக்கு. நீங்கள் வெயிலுக்கு நேரே சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடுவீர்களே, நானும் அப்படியேதான் நிற்கிறேனாம். மாப்பிள்ளை போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

ஷெட்டில் இன்னும் இரண்டு டப்பா கிடந்தன. ஒன்று டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரை, இன்னொன்று கால்சியம் ஹைப்போகுளோரைட், அதாவது உங்கள் பிளீச்சிங் பவுடருக்கு அண்ணன். இரண்டும் அடுத்தடுத்து, மூடி சரியாக மூடாமல்! ஒன்றை அள்ளிய கரண்டியை இன்னொன்றில் விட்டாலே தீப்பிடிக்கலாம். தனித்தனியாகக் கட்டி, அபாயக் கழிவுகளை வாங்கிக்கொள்கிற நகராட்சியின் ஈகோ ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஜூனில் நீங்கள் வரும்போது தொட்டி தயாராக இருக்கும். சோப்புப் போட்டுக் குளித்து நன்றாக அலசிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அப்புறம், எண்ணெய் பட்டால் குளோரின் எல்லாம் அதற்கே செலவாகிவிடும். அதனால் இறங்குகிற அன்றைக்குத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் கிடையாது என்று அம்மாவிடம் இப்போதே பக்குவமாகச் சொல்லிவையுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

உங்கள் அன்பு மகள்