போகி நெருப்புக்கு முன்னால்: எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திருவிழாக் குழுவின் பெரியவர்களுக்கும், அதில் எனக்குச் சித்தப்பா, மாமா முறை ஆகிறவர்களுக்கும், நான் வேலை பார்த்த பள்ளியில் படித்து இன்று கணக்கு எழுதும் இரண்டு தம்பிகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் இரண்டு முடிவுகள் எடுத்தீர்கள். தேரில் தொங்கவிடும் உருளை வடிவத் துணிகளான தொம்பைகளும், வாசலில் கட்டும் தொங்கல் துணிகளான வாசமாலைகளும் பழசாகி உள்ளறையில் கிடக்கின்றன; அவற்றைப் போகியன்று கொளுத்திவிடுவது ஒன்று. வைகாசித் தேருக்கு இயந்திரத்தில் அச்சடித்த பாலியஸ்டர் துணி வாங்குவது இன்னொன்று. தூண் ஓரமாக நின்றிருந்த நான், அவற்றைத் தைத்துச் சரிசெய்யலாமே என்று கேட்டேன். “டீச்சர், இது கோயில் காரியம். வீட்டுத் தையல் இல்லை” என்று ஒருவர் சொன்னார். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குப் பதில் எப்போதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். ஆகவே இந்த மடல். போகிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

எங்களைப் பலருக்குச் சனிக்கிழமை மத்தியானம் பூட்டிக் கிடக்கும் நூலகக் கட்டடத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்களாகத்தான் தெரியும். பேசுகிறோம், மறுக்கவில்லை. கையும் கூடவே ஓடுகிறது. சங்கம், பதிவு, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. மேலத்தெரு, கீழத்தெரு, பள்ளிவாசல் தெரு மூன்றிலிருந்தும் பதினாறு, பதினேழு பேர் வருகிறோம். ஆரி வேலை செய்து கல்யாண ஜாக்கெட்டுக்குக் கூலி வாங்கும் பெண்களும் உண்டு, ‘குட் நைட்’ என்று எழுதி இரண்டு கிளி போட்ட தலையணை உறையை நாற்பது வருடமாக அதே கிளிகளோடு தைத்துக்கொண்டிருக்கும் அத்தையும் உண்டு. வாராவாரம் அவரவர் செய்ததைக் கொண்டுவந்து விரித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். முடிச்சும் சிக்கலும் அங்கேதான் இருக்கும்.

இது தொடங்கியது கஜா புயலில். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் பாமணியாற்றங்கரைத் தென்னைகள் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரத்திலிருந்து லாரிகளில் நிவாரணம் வந்தது. அரிசி, மெழுகுவர்த்தி, பிஸ்கட், கூடவே மூட்டை மூட்டையாகப் பழைய துணி. அனுப்பியவர்களின் மனதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பித்தான் இல்லாத சட்டையையும் முழங்கால் கிழிந்த பேன்ட்டையும் அக்குள் பிய்ந்த ஜாக்கெட்டையும் எந்த மானமுள்ள மனுஷி உடுத்துவாள்? பள்ளி வராண்டாவில் ஆள் உயரத்துக்கு அது குவிந்து கிடந்தது. ஓடு போன, கீற்றுப் பறந்த வீடுகளில் மார்கழிப் பனி நேரே பிள்ளைகள் மேல் இறங்கியது.

கீழத்தெருப் பாட்டி ஒருவர்தான் முதலில் அந்தக் குவியலுக்குள் கையை விட்டார். ஒரு நூல் புடவையை இரண்டாக மடித்தார். கிழிந்த சட்டைகளின் முதுகுப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புடவை மடிப்புக்குள் பரப்பினார். ஊசியில் நூலைக் கோத்து நடுவிலிருந்து ஓட்ட ஆரம்பித்தார். அன்று இரவு பேத்தி அதைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். நான் அரசுப் பள்ளியில் 31 வருடம் தையல் ஆசிரியை. ஓட்டுத்தையல், சங்கிலித்தையல், காஜா, ஹெம்மிங் என்று எத்தனையோ மாதிரி நோட்டுகளுக்குச் சிவப்பு மையில் மதிப்பெண் போட்டவள். அந்த யோசனை எனக்கு வரவில்லை, கையெழுத்துப் போடத் தெரியாத அவருக்கு வந்தது. மறுநாள் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பொங்கலுக்குள் நாற்பதுக்கு மேல் போர்வைகள் தைத்துவிட்டோம். அன்று உட்கார்ந்தவர்கள்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறோம்.

ஒட்டுத்துணிப் போர்வை என்றால் கிழிசலை மறைக்கும் வேலை என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மேலே ஒரு புடவை, கீழே ஒரு புடவை, நடுவில் நைந்த வேட்டியோ கைலியோ. மூன்றும் பருத்தியாக இருக்க வேண்டும். நைலக்ஸ் ஒன்று நடுவில் நுழைந்துவிட்டால் அது வழுக்கிக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விடும். புதுத் துணியையும் சேர்க்க மாட்டோம், முதல் சலவையில் அது சுருங்கிப் பழையதை இழுத்துக் கிழித்துவிடும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கித்தான் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் வயிறு தள்ளும். பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணியைத்தான் போட வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னதன் காரணம் அந்தப் போர்வையைத் தொட்டால் தெரியும். பல வருடம் துவைத்த பருத்தியின் மென்மையைக் கடையில் வாங்க முடியாது. ஊரே பழந்துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்தும் போகிக்கு முந்தைய நாள்தான் எங்களுக்கு வருடத்தின் பெரிய வசூல். வாசல் வாசலாகப் போய்க் கேட்டு வாங்கி வருகிறோம். உங்கள் வீடுகளிலும் கொடுத்திருக்கிறீர்கள். இந்த வருடம் கோயில் வாசலிலும் வந்து நிற்க வேண்டியதாகிவிட்டது.

கூட்டம் முடிந்த மறுநாள் மெய்க்காவல்காரரிடம் சாவி கேட்டு நாங்கள் ஐந்து பேர் உள்ளறையைப் பார்த்தோம். அனுமதி கேட்காமல் போனது தவறுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு தொம்பைகள் இருக்கின்றன. வௌவால் எச்சம், எண்ணெய்ப் பிசுக்கு, எலி கடித்த துளைகள். ஐந்து தொம்பைகள் தொட்டாலே உதிர்கின்றன. அவற்றை நெருப்பில் இடுவதுதான் மரியாதை என்று நீங்கள் சொன்னால் எனக்கு மறுப்பில்லை. சுவாமிக்குச் சாத்திய துணி காலில் மிதிபடக் கூடாது என்ற கவலை எனக்கும் உண்டு. மற்ற ஏழின் சிவப்பு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. வெள்ளைத் துணியில் வெட்டிவைத்துத் தைத்த யாளிகள் ஓரம் மட்டும் விட்டுத் தொங்குகின்றன. மூங்கில் வளையங்கள் ஒடிந்துவிட்டன. மூங்கிலுக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை.

ஒன்றில் உள்துணி பிரிந்திருந்தது. அரிக்கன் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். வெளியே தெரியும் துணிக்குப் பின்னால், அது கனமாகத் தொங்குவதற்காக, பழைய வேட்டிகளை இரண்டு மூன்று அடுக்காக வைத்து ஓட்டியிருக்கிறார்கள். நாங்கள் திண்ணையில் செய்யும் அதே வேலை, அதே விரலிடை அளவுத் தையல். ஒரு வேட்டியின் மூலையில் சலவைக் குறி இருந்தது. எந்த வீட்டு வேட்டி என்று அடையாளம் தெரிவதற்காகச் சேங்கொட்டை மையால் போடும் புள்ளியும் கோடும். எங்களோடு வந்த ஒருவரின் தாத்தா இந்த ஊருக்கே துணி வெளுத்தவர். அவர் அந்தக் குறியை விரலால் தடவிக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். தாத்தாவின் குறியா என்று நான் கேட்டேன். “தெரியவில்லை டீச்சர், ஆனால் இப்படித்தான் போடுவார்” என்றார். வீட்டுத் தையல் கோயிலுக்கு ஆகாது என்று சொன்னவர் ஒருமுறை வந்து அந்த உள்துணியைப் பார்க்க வேண்டும்.

இந்தத் தொம்பைகள் அளவு பொருந்தவில்லை என்பது உங்கள் முக்கியமான காரணம். ஒப்புக்கொள்கிறேன். 2022 ஏப்ரலில் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்த பிறகு, நம் ஊரிலும் தேரின் மேல் அடுக்கு ஒன்றைக் கழற்றிவிட்டீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். அதற்குப் பிறகு பழைய தொம்பைகள் நீளமாகித் தேர்க்காலில் சிக்கின என்பதும் உண்மை. நீளமான துணியை எரிக்க வேண்டுமா, மடித்துத் தைக்க வேண்டுமா? பாவாடைக்கு மடிப்பு வைத்து, பெண் வளர வளரப் பிரித்துவிடும் ஊர் இது. மேல் பட்டையைப் பிரித்து, நடுவில் ஒரு வரிசைப் பூவை எடுத்துவிட்டு இணைத்தால் இரண்டு முழம் குறையும். எடுத்த பூக்களை எலி கடித்த இடங்களில் வைத்துத் தைக்கலாம். எங்கள் கணக்கில் ஒரு தொம்பைக்கு நாலு பேர் உட்கார்ந்தால் நான்கு சனிக்கிழமை.

தொம்பையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திருவாரூர் ஆழித்தேரை எல்லோரும் 96 அடி என்கிறோம். அதில் மரம் ஏறக்குறைய 30 அடிதான். மேலே நாம் அண்ணாந்து பார்ப்பது பெரும்பாலும் மூங்கிலும் துணியும். துணி இல்லாத நாளில் தேர்முட்டியில் நிற்கும் தேர் கூரையில்லாத வீட்டைப் போலத்தான் இருக்கிறது. அந்தத் துணியை வண்ணம் தீட்டிச் செய்கிறவர்கள் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் இருக்கிறார்கள். கருப்பூர்க் கலம்காரி என்னும் அந்தத் துணி ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெட்டிவைத்துத் தைக்கிறவர்கள் தஞ்சாவூரில் தலைமுறையாகச் செய்கிறார்கள். அவர்கள் வாயில் விழும் சோற்றை நாங்கள் பறிக்க வரவில்லை. உதிர்ந்துபோன ஐந்துக்குப் பதிலாகப் புதிதாகச் செய்ய வேண்டியதை, அச்சடிக்கும் கடைக்குக் கொடுக்காமல், அவர்களுக்குக் கொடுங்கள். ஐந்தையும் ஒரே வருடத்தில் வாங்கப் பணம் போதாவிட்டால் வருடத்துக்கு ஒன்று வாங்குங்கள். அவர்களில் ஒருவரை இரண்டு நாள் கூலி கொடுத்து இங்கே வரவழையுங்கள். யாளியின் வாயை வெட்டும் கத்தரியின் போக்கு எங்களில் யாருக்கும் வராது, எனக்கும் வராது. கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறோம்.

பாலியஸ்டர் மலிவு, பளபளப்பு, நேரம் மிச்சம் என்கிறீர்கள். பஸ் நிறுத்தத்து வளைவில் போன சித்திரையில் கட்டிய அச்சுத் துணியைப் போய்ப் பாருங்கள். அம்பாளின் முகம் ஆடிக்குள் வெளுத்துவிட்டது. அதைத் துவைக்கவும் முடியாது, தைக்கவும் முடியாது.

இனி எங்கள் பக்கத்து நிபந்தனைகள். ‘பெண்கள் சேவை’ என்று நோட்டீஸில் ஒரு வரி போட்டு எங்களை ஓசியில் அமர்த்திக்கொள்ள வேண்டாம். நூல், காடாத் துணி, மூங்கில் செலவைக் கோயில் ஏற்க வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ச் சம்பாதிக்கிறவர்கள் எங்களில் எட்டுப் பேர். அவர்கள் ஒரு நாள் ஊசி பிடித்தால் ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டும். என்னைப் போல ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு ஒன்றும் வேண்டாம், காபி போதும்.

கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் பிறகு டீக்கடையில் சொன்னதாகக் கேள்விப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. எந்தெந்தத் தெருப் பெண்கள் தொடுவது, எந்தெந்த நாளில் தொடுவது என்ற பேச்சு. தேர் கீழத்தெரு முனையில் சேற்றில் பதியும்போது தோள் கொடுத்துத் தள்ளுகிறவர்கள் எந்தத் தெரு என்று அப்போது நீங்கள் கேட்பதில்லை. வடத்துக்கு ஒரு நியாயமும் ஊசிக்கு ஒரு நியாயமும் வைக்காதீர்கள். பதினேழு பேரும் உட்காரலாம் என்றால் உட்காருவோம். பொறுக்கியெடுத்துப் பத்துப் பேரை மட்டும் அனுப்பச் சொன்னால் ஒருவரும் வர மாட்டோம். இதை எல்லோரும் கலந்து பேசித்தான் எழுதுகிறேன், என் தனி வீராப்பு இல்லை. யாருக்கு எந்த நாளில் ஒதுங்கியிருக்கத் தோன்றுகிறதோ அவரே ஒதுங்கிக்கொள்வார், அதற்குக் காவல் போட வேண்டாம்.

காலம் போதும். தையில் சம்பா அறுவடை. அதற்குப் பிறகு உளுந்து, பயறு எடுக்கும் நாட்களைத் தவிர்த்தாலும் வைகாசிக்குள் ஏழையும் முடித்துவிடலாம். முதலில் ஒன்றைத் தருகிறோம். தேரில் கட்டிப் பாருங்கள். காற்றில் சுற்றாமல் நேராகத் தொங்கினால் அடுத்ததைக் கொடுங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த வருடமும் போகி வரத்தான் போகிறது.

வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்கு மண்டபத்துக்கு வருகிறோம். தொம்பைகளை வெளியே எடுத்துத் தட்டி, வேப்பமர நிழலில் காயவைப்பது முதல் வேலை. நனைக்க மாட்டோம், பழைய சிவப்பு சாயம் விடும். ஏணி ஒன்றும், அதன்மேல் ஏற முழங்கால் வலி இல்லாத இரண்டு இளைஞர்களும் வேண்டும். உள்ளறையின் பல்பு போய்ப் பல மாதமாகிறதாம், அதையும் மாற்றி வையுங்கள். எங்களில் பாதிப் பேருக்கு ஊசிக்காதே தெரிவதில்லை.

இப்படிக்கு,
சனிக்கிழமைத் திண்ணைப் பெண்களுக்காக,
ஓய்வுபெற்ற தையல் டீச்சர்