கட்டாமல் போன கௌபாய் சவாரி

அன்புள்ள கதிர் கண்ணு,

பொழுதுபோக்குப் பூங்காவுக்கு நீ வரைந்த படகுச் சவாரியைக் கட்டப்போவதில்லை என்று போனில் நீ சொன்னபோது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால்தான் நான் அதிகம் பேசவில்லை. "வேலை போகலையே, சம்பளம் வருதில்ல" என்று அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியே தலை நரைத்தவர் அவர். நான் டிராயிங் ஆபீஸில் இருந்தவள். டிரேசிங் பேப்பரில் மை காயக் காத்திருந்து போட்ட பாலம் ஒன்று, நிதி இல்லை என்று ரோலாகத் திரும்பி வந்ததை நானே அலமாரி மேல் ஏற்றி வைத்திருக்கிறேன்.

உன் படகுச் சவாரி நின்றுபோனதைக் கேட்ட பிறகு, உங்கள் தொழிலில் இப்படிப் பேப்பரோடு போனவை என்னென்ன என்று தேடிப் படித்தேன். அதில் டிஸ்னி கம்பெனியின் ஓவியர் மார்க் டேவிஸ் என்னை விடவே இல்லை. உனக்குத் தெரிந்த ஆள்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1967-இல் திறந்த கடற்கொள்ளையர் சவாரியின் பொம்மைகளுக்கு உருவமும் குறும்பும் கொடுத்தவர் அவர். அடுத்து ஃப்ளோரிடாவில் புதுப் பூங்கா. கரீபியன் கடல் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் கொள்ளையர் கதை யாருக்கு வேண்டும் என்று நினைத்து, அதற்குப் பதிலாக மேற்கத்திய நதிப் பயணம் ஒன்றை வரையச் சொன்னார்கள். தண்டர் மேசா என்ற செம்பாறை மேட்டுக்குள் படகு போகும். உள்ளே பாட்டுப் பாடும் கௌபாய்கள், கூடவே பாடும் கள்ளிச்செடிகள், மதுக்கூடத்தில் ஆட்டம், வண்டியை மறிக்கும் திருடர்கள். திருடர்களுக்கு மட்டுமல்ல, அவர்கள் குதிரைகளுக்கும் முகமூடி! அதைப் படித்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கடைசியில் காட்டுத்தீ, அதிலிருந்து தப்பி அருவியில் சரிவு. பாறைக்கு மேலே சுரங்க ரயில் ஒன்று ஓட வேண்டும் என்பதும் அதே திட்டம்.

1971 அக்டோபரில் பூங்கா திறந்தது. வந்தவர்களெல்லாம் "கொள்ளையர் எங்கே?" என்று கேட்டார்கள். டிவியில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், கேட்கத்தானே செய்வார்கள்? கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. 1973 டிசம்பரில் ஃப்ளோரிடாவிலும் கொள்ளையர் வந்தாயிற்று. ஒரே பூங்காவில் இரண்டு பெரிய படகுச் சவாரி எதற்கு என்ற கேள்வி வந்தது. செலவும் பெரிது. போதாததற்கு எண்ணெய் நெருக்கடி வேறு. கௌபாய் திட்டம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கடைசியில் இல்லாமலே போனது. அந்த மனிதரின் கௌபாய்களுக்கு வழிவிடாமல் நின்றது வேறு யாருமில்லை, அவரே வரைந்த கொள்ளையர்கள். இதைவிட ஒரு கொடுமை, அந்தச் சவாரியின் சிறு மாடலைப் பூங்காவிலேயே காட்சிக்கு வைத்திருந்தார்கள், வரப்போகிறது என்று.

இங்கேதான் எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். எதுவும் வீணாகவில்லை, சுரங்க ரயிலை டோனி பாக்ஸ்டர் என்ற இன்னொரு டிஸ்னி வடிவமைப்பாளர் எடுத்துத் தனியாக வளர்த்தார், அதுதான் 1979-இல் டிஸ்னிலேண்டிலும் 1980-இல் ஃப்ளோரிடாவிலும் வந்த பிக் தண்டர் மலை ரயில் என்பார்கள். உண்மைதான். நாங்கள் வந்திருந்தபோது என்னைக் கீழே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீயும் அப்பாவும் ஏறியது அதில்தான். ஆனாலும் எனக்கு அந்த ஆறுதல் ஒப்பவில்லை. ரயில் பாக்ஸ்டருடையது. டேவிஸ் 1978-இல் ஓய்வு பெற்று, 2000-இல் காலமானார். முகமூடிக் குதிரைகளைப் படகில் உட்கார்ந்து அவர் பார்க்கவே இல்லை. உன்னிடமும் "வேறெதுக்காவது உதவும்" என்று ஆபீஸில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லமாட்டேன்.

எல்லாவற்றையும் கட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. வர்ஜீனியாவில் ஹேமார்க்கெட் பக்கம் அமெரிக்க வரலாற்றுக்கென்று ஒரு பூங்கா போடப்போவதாக 1993-இல் டிஸ்னி அறிவித்தது. சில மைல் தள்ளிப் போனால் மனாசஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு முறை ரத்தம் சிந்திய மண். உருக்காலைக்குள் ரோலர் கோஸ்டர், உருகிய உலோகத்தில் விழப்போய்த் தப்பிப்பது மாதிரி! டேவிட் மெக்கல்லோ, ஜேம்ஸ் மெக்பெர்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் எதிர்த்தார்கள். மாநில அரசு ஆதரித்தும் 1994 செப்டம்பரில் அந்த இடத்தை விட்டுவிட்டார்கள். நல்லதே நடந்தது என்பேன். கௌபாய் சவாரியிலும் செவ்விந்தியர்களைக் கேலிப் பொம்மைகளாக்கிய இடங்கள் உண்டாம். அந்தப் பகுதி வராததற்கு நான் வருத்தப்பட மாட்டேன்.

ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் நாம் காரை நிறுத்தப் போனபோது யூனிகார்ன் (ஒற்றைக் கொம்புக் குதிரை) என்ற பகுதியைப் பார்த்து, இல்லாத மிருகத்தின் பெயரை ஏன் வைத்தார்கள் என்று உன்னைக் கேட்டேனே. புராண மிருகங்களுக்காகத் திட்டமிட்ட பகுதி அங்கே வரவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த இடத்தில் 2017-இல் அவதார் படத்தின் பண்டோரா உலகம் வந்துவிட்டது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வரைந்ததை ஒரு தரமாவது முழுதாகப் பார்க்க எனக்கு ஆசை. கம்பெனி டிராயிங்கை வெளியே அனுப்பக் கூடாது என்பாய். அனுப்ப வேண்டாம். தை மாதம் வரும்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து பென்சிலில் போட்டுக் காட்டு. ஒரு சந்தேகம் இப்போதே கேட்டுவிடுகிறேன். படகு நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், ஏறும் மேடையும் அதே வேகத்தில் சுற்றும் என்றாயே, முழங்கால் வலிக்காரி ஒருத்தி கால் வைக்கும் இடத்தில் மேடைக்கும் படகுக்கும் நடுவே எத்தனை இன்ச் விட்டிருக்கிறாய்? செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்) போட்டிருப்பாய் அல்லவா, அதை முதலில் காட்டு.

அன்புடன்,
அம்மா